வழவழப்பு மட்டும் போதுமா? – உராய்வுப் பாடமும் நம் பிள்ளைகளின் கேள்விகளும்



"பரப்பு வழவழப்பாக இருந்தால் உராய்வு குறையும், சொரசொரப்பாக இருந்தால் உராய்வு கூடும்."

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பயின்ற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இந்த வரியை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும். உராய்வைக் குறைக்கும் வழிகள் யாவை என்று கேட்டால், எண்ணெய் இடுதல், மாவு தூவுதல், உருளைகளைப் பயன்படுத்துதல், பரப்பை வழவழப்பாக்குதல் என்று வரிசையாகச் சொல்லும். நாமும் மகிழ்ந்து சரி என்று குறியிடுவோம். பாடம் முடிந்தது, அடுத்த தலைப்புக்குப் போய்விடுவோம்.

அந்த வரி பொய்யன்று. ஆனால், அது பாதி உண்மை. மறுபாதியைச் சொல்லாமல் விடுவதால் நம் பிள்ளைகள் எதை இழக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத விழைகிறேன். பொறியியல் உலகம் இன்று உராய்வையும் தேய்மானத்தையும் குறைப்பதற்காகப் பளபளப்பான உலோகத்தின்மேல் வேண்டுமென்றே குழி பறித்துக்கொண்டிருக்கிறது! இந்தச் செய்தி நம் வகுப்பறைக்குள் நுழைய வேண்டாமா?

பட்டறையில் நடப்பது என்ன?

முதலில் நமக்கு மிக அருகில் இருக்கும் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நம் பிள்ளைகள் பலரின் தந்தையர் மோட்டார் பட்டறைகளில் வேலை செய்கின்றனர். ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் நீலப்புகை கக்கிக்கொண்டு பட்டறைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், சிலிண்டரின் உட்சுவர் ஓடி ஓடித் தேய்ந்து கண்ணாடிபோல் மின்னுகிறது. பாடநூல் வரியின்படி பார்த்தால் அது மிக நல்ல நிலைமையல்லவா? பட்டறைக்காரர் அப்படி நினைப்பதில்லை. சிலிண்டரைக் குடைந்து, பிறகு சாணைக்கல் பொருத்திய கருவியை உள்ளே விட்டுச் சுழற்றியபடி மேலும் கீழும் இழுத்து, சுவர் முழுவதும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய கீறல்களை உண்டாக்குகிறார். பட்டறை வழக்கில் இதனை 'ஹோனிங்' என்பார்கள்.

ஏன் கீற வேண்டும்? கண்ணாடிபோல் ஆகிவிட்ட சுவரில் எண்ணெய் தங்குவதில்லை. புதிய பிஸ்டன் வளையமும் அதில் ஒழுங்காகப் படிந்து பொருந்துவதில்லை. எண்ணெய் மேலேறி எரிகிறது, நீலப்புகை வருகிறது. சுவரில் கீறல்கள் இருந்தால் ஒவ்வொரு கீறலும் ஒரு சிறு வாய்க்காலாகி எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிஸ்டன் நொடிக்குப் பல முறை மேலும் கீழும் போய்வரும்போது அந்த எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவி, உலோகமும் உலோகமும் நேரடியாக மோதாமல் காக்கிறது.

தொழிற்சாலைகளில் இதனை இன்னும் நுட்பமாகச் செய்கிறார்கள். முதலில் ஆழமான கீறல்களைப் போடுகிறார்கள். அடுத்து, கீறல்களுக்கு இடையே துருத்திக்கொண்டிருக்கும் முகடுகளை மட்டும் மழித்துச் சமமாக்குகிறார்கள். மேலே சமதளம்; இடையிடையே எண்ணெய்ப் பள்ளம். பாரத்தைச் சமதளம் தாங்குகிறது. எண்ணெயைப் பள்ளம் காக்கிறது. இவ்வளவுக்கும் அந்தப் பள்ளங்களின் ஆழம் சில மைக்ரோமீட்டர்தான். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆக, பட்டறையில் உள்ள தந்தைக்கு நன்கு தெரிந்த ஓர் உண்மை, பள்ளியில் படிக்கும் பிள்ளையின் விடைத்தாளில் 'தவறு' என்று ஆகிவிடக்கூடும். இது வருந்தத்தக்க நிலைமையல்லவா?

வழவழப்பு ஒட்டிக்கொள்ளும்

அளவுக்கு மீறிய வழவழப்பு உராய்வைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டிவிடவும் செய்யும். சுவீடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் எட்வர்ட் யோகான்சன் என்பவர் 1896ஆம் ஆண்டில் எஃகு அளவுக்கட்டைகளை உருவாக்கினார். பொருள்களின் நீளத்தைத் துல்லியமாக ஒப்பிட்டுப் பார்க்க உதவுபவை அவை. அக்கட்டைகளின் முகங்கள் அத்துணைச் சமமானவை, அத்துணை வழவழப்பானவை. இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தி நகர்த்தினால் பசையே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும்; ஒன்றைத் தூக்கினால் மற்றதும் கூடவே தொங்கும். பரப்புகள் மிக நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பும், இடையே உள்ள மிக மெல்லிய எண்ணெய் அல்லது ஈரப்படலமும் சேர்ந்து அவற்றைப் பிணைத்துவிடுகின்றன.

இதே சிக்கல் கணினிக்குள்ளும் தலைகாட்டியது. பழைய வன்தட்டுகளில் கணினியை அணைத்ததும், படிக்கும் முனை சுழல்தட்டின்மேல் இறங்கி அமர்ந்துவிடும். தட்டு மிக வழவழப்பாக இருந்தால் முனை அப்படியே ஒட்டிக்கொள்ளும். மறுமுறை கணினியை இயக்கும்போது தட்டு சுழலத் திணறும். தகவலைச் செறிவாகப் பதிய வேண்டுமென்றால் தட்டு வழவழப்பாக இருந்தாக வேண்டும். முனை ஒட்டாமல் இருக்க வேண்டுமென்றால் சற்றுச் சொரசொரப்பு வேண்டும். என்ன செய்வது? 1990களின் நடுவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியாளர்கள், முனை இறங்கும் வளையப் பகுதியில் மட்டும் லேசர் ஒளியால் கண்ணுக்குத் தெரியாத நுண்மேடுகளை எழுப்பினார்கள். முனை அம்மேடுகளின் உச்சியில் மட்டும் அமர்ந்தது, ஒட்டவில்லை. பின்னர், முனையைத் தட்டின்மேல் இறக்காமல் வெளியே ஒரு சாய்தளத்தில் நிறுத்தும் முறை வந்து இதன் தேவை குறைந்தது. பினாங்கில் பல்லாண்டுகளாக நடந்துவரும் வன்தட்டுத் தொழிலில் நம்மவர்களும் உழைத்திருக்கிறார்கள். ஆகவே, இது நமக்கு எங்கோ நடந்த கதையன்று.

தோட்டப்புறத்தில் வளர்ந்த பெற்றோர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். உறைந்த ரப்பர் பாலைத் தகடாக உருட்டும்போது முதலில் வழவழப்பான உருளைகளில் விடுவார்கள். கடைசியாக வரிவரியாகப் பள்ளம் வெட்டிய உருளையில் விடுவார்கள். தகட்டின்மேல் வரிகள் பதியும். அவ்வரிகளால் காற்றுபடும் பரப்பு கூடித் தகடு விரைவில் உலரும். அடுக்கி வைக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்கும். பரப்பில் வடிவம் செதுக்கி அதன் குணத்தை மாற்றும் கலையை நம் தாத்தா பாட்டிகள் புகைக்கூடத்து வாசலிலேயே பார்த்துப் பழகியவர்கள்தாம்.

குழி செய்யும் வேலை

இனி, குழி பறிக்கும் பொறியியலுக்கு வருவோம். பரப்பில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் எண்ணெய்ப் படலத்துக்குத் தூக்குவிசை தரக்கூடும் என்ற கோட்பாட்டை ஹாமில்டன், வாலோவிட், ஆலன் என்னும் மூவர் 1966ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே 1966ஆம் ஆண்டில்தான் பிரிட்டனில் பீட்டர் யோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வும் தேய்மானமும் நாட்டுக்கு உண்டாக்கும் இழப்பைப் பற்றி அறிக்கை அளித்தது. 'டிரைபாலஜி' எனப்படும் உராய்வியல் தனித்துறையாகப் பெயர் பெற்றதும் அந்த அறிக்கையால்தான்.

ஆனால், கணக்கு வேறு, கைவேலை வேறு. ஒரே அளவுள்ள ஆயிரக்கணக்கான நுண்குழிகளை எஃகின்மேல் எப்படிப் போடுவது? அதற்கு லேசர் கைகொடுத்தது. இஸ்ரேலின் டெக்னியான் கல்விக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் இட்ஷாக் எட்சியோன் 1990களிலிருந்து இத்துறையில் முன்னோடியாக விளங்கினார். நீரேற்றிகளின் சுழலும் அடைப்பு வளையங்களிலும் பிஸ்டன் வளையங்களிலும் லேசரால் குழிகள் இட்டு ஆராய்ந்தார். குழி இட்ட பிஸ்டன் வளையங்களை ஒரு டீசல் இயந்திரத்தில் பொருத்திச் செய்த சோதனையில் எரிபொருள் செலவு 4 விழுக்காடு வரை குறைந்ததாக அவரும் அவருடைய உடனாய்வாளரும் 2009ஆம் ஆண்டில் எழுதினார்கள்.

அக்குழி எவ்வளவு பெரியது? அகலம் ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. ஆழம் 10 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. பரப்பில் பத்தில் ஒரு பங்கைக் குழிகள் பிடித்துக்கொள்வதாக வைத்துக் கணக்கிட்டால், ஒரு சதுரச் சென்டிமீட்டரில், அதாவது ஒரு விரல்நகத்து அளவு இடத்தில், ஏறத்தாழ 1270 குழிகள் வரும். மேல்வகுப்பு மாணவர்களுக்கு இதனைக் கணிதப் புதிராகவே கொடுக்கலாம்.

இந்தக் குழிகள் மூன்று வேலைகளைச் செய்கின்றன.

ஒன்று, எண்ணெய்த் தொட்டியாக இருக்கின்றன. எண்ணெய் பற்றாத நேரத்தில், குறிப்பாக இயந்திரம் ஓடத் தொடங்கும்போது, குழிக்குள் இருக்கும் எண்ணெய் வெளியே வந்து உதவுகிறது.

இரண்டு, குப்பைத் தொட்டியாக இருக்கின்றன. தேயும்போது உதிரும் உலோகத் துகள்கள் இரு பரப்புகளுக்கும் இடையே சிக்கினால் மணல்தாள்போல் மேலும் மேலும் அறுக்கும். குழி இருந்தால் துகள் அதற்குள் விழுந்து அடங்கிவிடும்.

மூன்றாவது வேலைதான் வியப்பானது. ஒவ்வொரு குழியும் ஒரு சிறு தூக்கியாகச் செயல்படுகிறது. பரப்பு நகரும்போது எண்ணெய் குழிக்குள் நுழைகிறது. அங்கே இடம் விரிவதால் அழுத்தம் குறைகிறது. குழியை விட்டு வெளியேறும் பக்கத்தில் இடம் குறுகுகிறது. எண்ணெய் நெருக்கப்பட்டு அழுத்தம் எகிறுகிறது. குறையும் அழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஓரளவுக்குக் கீழே போனால் எண்ணெயில் குமிழிகள் தோன்றி, மேலும் குறையாமல் தடுத்துவிடும். எகிறும் அழுத்தத்துக்கு அப்படிப்பட்ட தடையில்லை. இரண்டையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது மேல்நோக்கிய தூக்குவிசை. ஆயிரக்கணக்கான குழிகள் சேர்ந்து மேலே உள்ள பாகத்தை எண்ணெயின்மேல் மிதக்க வைக்கின்றன. மிதக்கும் பொருளுக்கு உராய்வு ஏது? இருந்தாலும் அது எண்ணெயின் உள்ளுராய்வு மட்டுமே.

இதில் உலகத்துக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பின்லாந்தைச் சேர்ந்த ஹோல்ம்பெர்க்கும் அமெரிக்காவில் பணியாற்றிய எர்டெமிரும் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகின் மொத்த ஆற்றல் செலவில் ஏறத்தாழ 23 விழுக்காடு, ஒன்றோடொன்று உரசும் பாகங்களால் ஏற்படுகிறது. அதில் 20 விழுக்காடு உராய்வை எதிர்ப்பதற்கும், 3 விழுக்காடு தேய்ந்த பாகங்களை மீண்டும் உருவாக்குவதற்கும் செலவாகின்றன. உராய்வுப் பாடம் தேர்வுக்கான பாடம் மட்டுமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

எல்லாக் குழியும் நல்ல குழியா?

அப்படியானால் 'குழி இட்டால் உராய்வு குறையும்' என்று புதிய வரி ஒன்றை மனப்பாடம் செய்ய வைக்கலாமா? கூடவே கூடாது! அது பழைய பிழையை இடம்மாற்றி வைப்பதாகும்.

நம் வீட்டு அம்மியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரைத்து அரைத்து வழவழப்பாகிவிட்டால் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும், அரைபடாது. அக்காலத்தில் அம்மி கொத்துபவர் வந்து உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டுப் போவார். அங்கேயும் குழிதான், ஆனால், அந்தக் குழி பிடிப்பைக் கூட்டுவதற்காக. சிலிண்டர்ச் சுவரின் பள்ளமோ வழுக்குவதற்காக. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? குழியின் அளவு, அதன் விளிம்பின் கூர்மை, இடையே எண்ணெய் உண்டா இல்லையா, எவ்வளவு வேகம், எவ்வளவு பாரம் ஆகியவைதாம்.

பொறியாளர்களும் இதை அறிவார்கள். குழி மிக ஆழமாகிவிட்டால் அழுத்தம் எழும்பாது. எண்ணெயே இல்லாத இடத்தில் குழியின் விளிம்பே அரமாகித் தேய்மானத்தைக் கூட்டிவிடலாம். லேசர் சுட்ட இடத்தில் உருகிய உலோகம் விளிம்பில் புடைத்து நிற்கும். அதை மெருகிட்டு நீக்காமல் பயன்படுத்தினால் எதிர்ப்பக்கத்தைக் கீறிவிடும். ஆகவே, சூழலுக்கேற்ற குழியே நல்ல குழி.

சக்கரத்தின் கதையும் இதுதான். சக்கரத்தில் வரிப்பள்ளங்கள் இருப்பது உராய்வைக் கூட்டுவதற்காக என்று சொல்லித் தருகிறோம். ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, பந்தய மோட்டாரில் சக்கரம் மொழுமொழுவென்று இருக்கிறதே! அது வழுக்காதா?" என்று கேட்டான். எவ்வளவு அருமையான கேள்வி! உலர்ந்த சாலையில் மொழுமொழுப்பான சக்கரத்துக்கே பிடிப்பு மிகுதி. மென்மையான ரப்பர் முழுமையாகச் சாலையைக் கவ்விக்கொள்கிறது. மழை பெய்தால்தான் பள்ளங்கள் தேவை. அவை நீரை வெளியேற்றி ரப்பர் சாலையைத் தொட வழிசெய்கின்றன. செப்பாங் பந்தயத் தடத்தில் 2009ஆம் ஆண்டு நடந்த ஃபார்முலா ஒன் பந்தயம், கொட்டிய மழையால் 56 சுற்றுகளில் 31 சுற்றுகளோடு நிறுத்தப்பட்டதே, நினைவிருக்கிறதா? நம் அன்றாடச் சாலையில் மழையும் வெயிலும் மாறி மாறி வருவதால் நம் வண்டிகளுக்கு வரிப்பள்ளம் இன்றியமையாதது. இப்படி விளக்கிய அன்று வகுப்பே விழித்துக்கொண்டது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

என் வேண்டுகோள் மிக எளியது. அந்த வரியைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் முன்னால் ஒரு சொல்லைச் சேர்ப்போம்: 'பொதுவாக'. பிறகு, 'எப்போது அப்படி இல்லை?' என்று ஒரு கேள்வியையும் சேர்ப்போம்.

செய்து பார்க்க ஒரு சிறு சோதனையும் உண்டு. இரண்டு தெளிந்த நெகிழித் தாள்களை எடுத்து இடையே சில துளி நீர் விட்டு ஒட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்தவோ பிரிக்கவோ சொல்லுங்கள், பிள்ளைகள் திணறுவார்கள். அடுத்து, ஒரு தாளில் குண்டூசியால் நெருக்கமாகக் குத்தி, எழும்பும் சிறு மேடுகள் உட்பக்கம் இருக்குமாறு வைத்து மீண்டும் செய்யச் சொல்லுங்கள். முன்னதைவிட எளிதில் பிரிவதைக் காண்பார்கள். ஏன் என்று அவர்களே பேசட்டும். குண்டூசியைக் குத்தும் வேலையை மட்டும் ஆசிரியரே செய்துவிடுவது நல்லது.

இன்னொன்று: பட்டறையில் பணிபுரியும் பெற்றோர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். பழைய சிலிண்டர் ஒன்றைத் துடைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். கீறல்களைப் பிள்ளைகள் விரலால் தொட்டுப் பார்க்கட்டும், உருப்பெருக்கியால் நோக்கட்டும். தன் தந்தை பள்ளிக்கு வந்து அறிவியல் விளக்குவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள். கையில் கறை படிந்த வேலையிலும் அறிவியல் இருக்கிறது என்பதை அதைவிட வலுவாக எந்தப் பாடநூலும் சொல்லிவிட முடியாது.

சில ஐயங்கள்

'தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு இவ்வளவு தேவையா?' என்று சிலர் கேட்கலாம். அழுத்தம், குமிழி, தூக்குவிசை எல்லாம் தேவையில்லைதான். ஆனால், ஒரு விதிக்கு எல்லை உண்டு என்ற உணர்வு தேவை. அந்த உணர்வைத் தொடக்கப்பள்ளியில் விதைக்காவிட்டால், இடைநிலைப்பள்ளியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் முளைக்காது.

'தேர்வுக்கு இது வருமா?' என்பது அடுத்த கேள்வி. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டுவிட்டது. தேர்வு போனது, ஆனால், திறவுச்சொல் இருந்தால்தான் மதிப்பெண் என்ற மனப்போக்கு நம்மைவிட்டுப் போய்விட்டதா? 'வழவழப்பான பரப்பும் சில வேளைகளில் ஒட்டிக்கொள்ளும்' என்று ஒரு பிள்ளை எழுதினால், அதற்குச் சிவப்புக் கோடு போடாமல், "எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும். கற்பிப்பவர் முதலில் கேட்பவராக இருக்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாம் அனைவரும் படித்ததுதானே?

'இதையெல்லாம் தமிழில் சொல்ல முடியுமா?' என்று கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்ட காலத்திலிருந்தே இந்த ஐயம் நம்மைத் தொடர்ந்து வருகிறது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நன்றாகப் படிக்கட்டும். ஆனால், பரப்பைப் பற்றிப் பேசத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்: வழவழப்பு, மொழுமொழுப்பு, சொரசொரப்பு, நெருநெருப்பு, பிசுபிசுப்பு, கரடுமுரடு. ஒவ்வொன்றும் விரல்நுனிக்கு ஒவ்வொரு விதமாகப் படும். எண்ணெய் தடவிய பரப்பு வேறு, மெருகிட்ட பரப்பு வேறு என்று பிரித்துப் பேசத் தெரிந்த பிள்ளைக்கு உராய்வியல் பாதி விளங்கிவிட்டதுபோலத்தான். உயவு, தேய்மானம், நுண்குழி ஆகிய சொற்களும் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு எட்டாதவையல்ல. எட்டாத இடத்தில் வைத்திருப்பது நாம்தான்.

இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் நாளை பட்டறை வைப்பார்கள். சிலர் தொழிற்கல்லூரிக்குப் போவார்கள். ஒருவர் இருவர் ஆய்வுக்கூடத்தில் லேசர் பிடிக்கவும் கூடும். அவர்கள் எல்லாருக்கும் நாம் கொடுக்கக்கூடியது, 'இந்த விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது?' என்று கேட்கும் பழக்கம். அடுத்த முறை உராய்வுப் பாடம் நடத்தும்போது 'பொதுவாக' என்ற அந்த ஒரு சொல்லை மறவாமல் சேர்ப்போம். பெற்றோர்களே, உங்கள் தொழிலில் பரப்பைக் கீறியோ கொத்தியோ செய்யும் வேலை ஏதும் இருந்தால் உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவருடைய அடுத்த பாடத்துக்கு அது பெரிதும் உதவும்.